நாணல்திட்டு விளக்கின் அடியில் இருந்த நீர்

நலம் பெருகுக. வெயில் முதலில் வந்து தொடும் மாடங்களையுடைய செஞ்சுடர்ப் பேரூரில் வீற்றிருந்து, தழல்வள நாட்டை அறம் பிறழாது காத்துவரும் தழல்முடிப் பெருங்கோவின் திருவாய்மொழியை, அவர்தம் அமைச்சரும் ஓலைப் பொறுப்பாளருமான நன்னாகையார் எழுதுவித்து விடுப்பது. கருங்கயம் என்னும் பேரேரிக்கும் அதனுள் மிதக்கும் திட்டுகள் அனைத்துக்கும் காவலாய், மீன்பிடிப்போர் வலை கிழியாமலும் கோரை அறுப்போர் கை வெறுமையாகாமலும் பார்த்துவரும் கரைநாட்டுத் தலைவியார் அடும்பியார் திருமுன் இவ்வோலை சேர்க. உங்கள் ஏரி நிறைந்திருக்க. உங்கள் படகுகள் பொழுது சாயுமுன் கரை சேர்க. உங்கள் வீடுகளில் சுடர் நின்று எரிக.

சென்ற மாதம் நீங்கள் விடுத்த ஓலையில், நாணல்திட்டுக் கோயிலின் விளக்கை உடைத்து, அதைப் பேணும் வாளைத்தி என்பவளை ஏரியை விட்டு மேட்டுநிலத்துக்கு அனுப்பிவிடும்படி சட்டம் சொல்வதைச் சுட்டி, அதைச் செய்யக் கை எழவில்லை என்றும், செய்யாதிருக்க உரிமையும் இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அரசர் அதை இருமுறை படிக்கக் கேட்டார். அதற்குரிய விடை கீழே ஆணையாக உள்ளது. இவ்வோலை ஒவ்வொரு துறையிலும் மக்களைக் கூட்டிப் படிக்கப்பட வேண்டியது ஆதலின், நடந்ததை முதலிலிருந்து சொல்லவும், பேசியவர் பேச்சைப் பேசியபடியே எழுதவும் அரசர் பணித்தார். ஓலை எழுதுவோர் இதற்குச் சற்றே முகம் சுளித்தனர். ஆயினும் எழுதினர்.

நாற்பது ஆண்டுகளுக்கு முன் இன்றைய அரசரின் பாட்டனார் கருங்கயத்தைத் தம் நாட்டோடு சேர்த்தபோது, ஏரி மக்கள் ஆழத்தாள் என்னும் நீர்த்தெய்வத்தை வழிபட்டு வந்தனர். பாட்டனார் சுடர்நெறியில் ஊறியவர். அவர் ஆழத்தாளின் கல்லைப் பெயர்த்து நடு ஏரியில் மூழ்கடித்தார். அவள் பெயரை வாய்விட்டுச் சொல்வதைத் தடுத்தார். திட்டுக்கு ஒரு சுடர்க்கோயிலும் வீட்டுக்கு ஒரு விளக்கும் வைக்கச் செய்தார். எரியும் சுடருக்கு ஏழடிக்குள் நீர் வரலாகாது என்பது நெறியின் விதி. மீறினால் கோயில் விளக்கை உடைத்து, அதைப் பேணுபவரை ஊரை விட்டு அனுப்ப வேண்டும். ஏரி நடுவே மிதக்கும் திட்டில் ஏழடிக்குள் நீர் வராமல் இருப்பது எங்ஙனம் என்று அன்று எவரும் கேட்கவில்லை. அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் ஏரியைப் பார்த்ததே இல்லை.

சட்டம் காக்கப்படுகிறதா என்று பார்க்க ஆண்டுதோறும் சுடர்க்கண்காணி ஒருவர் தலைநகர்க் கோயிலின் தீயை மண்சட்டியில் ஏந்திப் படகேறி வருவது வழக்கம். பதினோரு ஆண்டுகளாக அப்பணியில் இருப்பவர் வெயிலன். ஐம்பதைத் தாண்டியவர், பேச்சுக் குறைந்தவர், பொய் சொல்ல நேர்ந்தால் காது இரண்டும் சிவந்துவிடும் என்பதால் பொய்யை அறவே விட்டவர். அவர் ஆண்டுதோறும் தலைநகருக்கு ஒரே செய்தியை எழுதி வந்தார். மேட்டு ஊர்களில் கோடைதோறும் வீடுகள் தீப்பிடிக்கின்றன. எண்ணெய் வற்றியபின் திரி கங்காகிக் காற்றில் பறந்து கூரையில் விழுகிறது. கருங்கயத்திலோ வீடுகள் எல்லாம் காய்ந்த நாணலால் ஆனவை; ஆயினும் ஒரு குடிசையும் எரிந்ததில்லை. ஏரி மக்களின் பக்தி அத்தனை தூயது, சுடர் அவர்களைச் சுடுவதில்லை என்று அவர் மனமார நம்பி எழுதினார்.

தலைநகர்க் கோயிலின் பெருஞ்சுடர் அடிகள் மாசிலார், எண்பத்திரண்டு வயதினர், அந்த ஓலைகளைக் கையில் பிடித்துக்கொண்டு விழாதோறும் அறவுரை செய்தார். கருங்கயத்தாரைப் பாருங்கள் என்பது அவர் வாயில் பதிந்துபோன சொல். விளக்கேற்றச் சோம்பும் மருமகள்களை இந்நகரத்து மாமியார்கள் கருங்கயத்தைச் சொல்லியே ஏசினர்.

ஆண்டுதோறும் நடக்கும் சுடர்விழாவின் முடிவில் துயில்நாள் என்று ஒன்று உண்டு. அன்று கோயில் விளக்குக்கு எண்ணெய் விடாமல், அது தானே அணையும் வரை எல்லோரும் நின்றிருப்பார்கள். மேட்டு ஊர்களில் அப்போது திரி கருகும், புகை சூழும், கண்ணீர் வழியும், அதையே புனிதம் என்று கொள்வர். வெயிலன் ஆண்டுதோறும் அந்நாளுக்குள் தலைநகர் திரும்பிவிடுவார். இவ்வாண்டு எதிர்க்காற்று வலுத்து, அவர் படகு நாணல்திட்டை விட்டு நகரவில்லை. ஆகவே முதன்முறையாக ஏரியில் துயில்நாளைக் கண்டார்.

உச்சிப்பொழுது கழிந்து சற்று நேரத்தில் நாணல்திட்டு விளக்கின் சுடர் சிறுத்தது. புகை எழவில்லை. மெல்லிய சீறல் ஒன்று கேட்டது, அவ்வளவுதான். சுடர் இல்லை. நின்றிருந்தவர்கள் மனநிறைவோடு கைகூப்பிவிட்டு அவரவர் வேலைக்குத் திரும்பினர். வெயிலன் மட்டும் திரும்பவில்லை. விளக்கருகே சென்று அதனுள் விரலை விட்டார்.

விளக்கைப் பேணும் வாளைத்தி அருகில் நின்றிருந்தாள். நாற்பது வயதுப் பெண். கணவனோடு கோரை அறுத்து வாழ்பவள். கோயில் விளக்கைத் துலக்கித் திரியிடும் பொறுப்பும் அவளுடையது.

“என்னய்யா, கைய விட்டுப் பாக்குறீங்க. இன்னும் சூடு ஆறலையே” என்றாள்.

“வாளைத்தி, இது என்ன, தண்ணியா?”

“தண்ணிதான். பாதிக்குத் தண்ணி, மேல எண்ண. எண்ண மேலேயே மெதக்கும், திரியும் மேலேயே நிக்கும். எண்ண தீந்ததும் தண்ணி தொட்டு அணச்சிரும். கங்கு பறக்காது, கூர பத்தாது.”

“எத்தன வருசமா இப்படி?”

“கோயிலு வந்த நாளுலேருந்து.”

“பதினோரு வருசம் வந்திருக்கேன். ஒருத்தரும் சொல்லலையே.”

“நீங்க ஒருத்தரையும் கேக்கலையே. வருவீங்க, சுடரப் பாப்பீங்க, கும்புடுவீங்க, மீன்கொழம்பு நல்லாருக்கும்பீங்க, போயிருவீங்க. அடியில என்ன இருக்குன்னு எந்தக் கண்காணி பாத்தாரு?”

வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். வெயிலன் சிரிக்கவில்லை. வீடுகளிலும் இவ்வாறுதானா என்று அவர் வினவ, ஒரு வீடு பாக்கியில்லை என்று அவள் விடை கூறினாள். சுடருக்கு ஏழடிக்குள் நீர் வரலாகாது என்றது சட்டம். இங்கோ ஓர் அங்குல இடைவெளியும் இல்லை.

அவர் கோயிற்படியில் உட்கார்ந்துவிட்டார். தாம் எழுதிய பதினோரு ஓலைகளும் வரிசையாக நின்று தம்மைப் பார்ப்பது போல அவருக்கு இருந்தது. கண்டதை எழுதினால், நீரிலேயே பிறந்து வளர்ந்த இந்தப் பெண் கிணறும் ஆழத்தில் கிடக்கும் மேட்டுநிலத்துக்குப் போக வேண்டும்; கணவனும் படகும் இங்கே நிற்கும். எழுதாமல் விட்டால், தீச்சட்டியின் மேல் கைவைத்துச் செய்த உறுதி பொய்யாகும். தலைநகரில் எவருக்கும் தெரியாது என்பது அவருக்கு ஆறுதல் ஆகவில்லை, தமக்குத் தெரியும்.

காற்று மேலும் மூன்று நாள் எதிர்த்தே வீசியது. அந்த மூன்று நாளும் வெயிலன் ஓலையை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். வேளை தவறாமல் வாளைத்தி கஞ்சியும் சுட்ட மீனும் கொண்டுவந்து வைத்தாள். மூன்றாம் நாள் அவருக்குத் தாங்கவில்லை.

“ஏம்மா, எனக்குச் சோறு போடுறியே. நான் என்ன எழுதப்போறேன்னு தெரியுமில்ல?”

“தெரியும். வெறும் வயித்தோட எழுதினா இன்னும் கோவமால்ல எழுதுவீங்க.”

“எழுதாம விட்டா என்னன்னு பாக்குறேன்.”

“வேணாம்யா. நாளைக்கு யாராச்சும் கேட்டா உங்க காது காட்டிக்குடுத்துரும். உள்ளத உள்ளபடி எழுதுங்க. ஆனா பாதிய எழுதாதீங்க, முழுசா எழுதுங்க.”

அவர் முழுவதும் எழுதினார். விளக்கின் அடியில் நீர் இருப்பதை எழுதினார். அந்த நீரால்தான் நாற்பது ஆண்டுகளாக ஒரு குடிசையும் எரியவில்லை என்பதையும், தாம் முன்பு எழுதியது தம் அறியாமை என்பதையும் எழுதினார். அந்தப் பெண்ணை ஏரியிலிருந்து அனுப்பும் முன் அரசர் அவளையும் விளக்கையும் நேரில் காண வேண்டும் என்று வேண்டினார். அதன் படியை உங்களுக்கும் விடுத்தார். அவ்வோலையும் உங்கள் ஓலையும் அடுத்தடுத்து வந்தமையால் அரசர் வெயிலனையும் வாளைத்தியையும் விளக்கோடு வரவழைத்தார்.

காவலர் கையில் அவளை ஒப்படைக்க வெயிலன் உடன்படவில்லை. தாமே அழைத்து வந்தார். நான்கு நாள் நடை. அவர் தீச்சட்டியை ஏந்தி முன்னே வர, அவள் ஏரி நீர் நிறைந்த குடத்தோடு ஏழடி பின்னே வந்தாள். பேச்சுக் குறைந்த அம்மனிதரின் முதுகைப் பார்த்துக்கொண்டே நடப்பது அவளுக்குச் சலித்துவிட்டது. “அய்யா, கத்திப் பேசி எனக்குத் தொண்ட வத்திருச்சு. ஒரு அடியக் கொறச்சுக்கலாமா?” என்று முதல் நாள் கேட்டாள். அவர் நடையைச் சற்று மெதுவாக்கினார். நான்காம் நாள் நகர்வாயிலை அடைந்தபோது இருவரும் பக்கம்பக்கமாகவே நடந்து வந்ததாக வாயிற்காவலர் சொல்கின்றனர். உட்புக வேண்டி மறுபடி ஏழடி விலகி நின்றனராம்.

அவை காலையில் கூடியது. நாட்டின் சட்டத்தை மாற்றும் உரிமை தமக்கு உண்டு என்றும், நெறியின் விதியைத் தளர்த்தும் உரிமை அடிகளுக்கே உண்டு என்றும், ஆதலால் இப்பெண் ஏரிக்குத் திரும்புவதும் திரும்பாததும் அடிகளின் சொல்லில் உள்ளது என்றும் அரசர் கூறினார். மாசிலார் அடிகள் அவளை நோக்கினார். அவர் முகத்தில் கடுமை இருந்தது. பதினோரு ஆண்டு தாம் ஊரறியப் புகழ்ந்தது இந்த விளக்கைத்தான் என்று நினைக்க அவருக்கு நாணமாகவும் இருந்திருக்கும்.

“நீ யாரைக் கும்பிடுற? சுடரையா, தடுத்து வெச்ச அந்தத் தெய்வத்தையா? ஒண்ணைச் சொல்லு” என்றார்.

வாளைத்தி அடிகளை நிமிர்ந்து பார்த்தாள். “சாமி, ஒங்க பாட்டு ஒண்ணு இருக்கில்ல, ‘தாயில்லாச் சுடரே’ன்னு வருமே?”

“இருக்கு. எவராலும் பெறப்படாதவன்னு அதுக்குப் பொருள். அது பெரும்புகழ்.”

“எங்க ஊருக்கு அது அப்படிக் கேக்கலைங்க. மொத மொதல்ல கோயிலு கட்டி, ஊரையே உக்காரவெச்சு அந்தப் பாட்டச் சொல்லிக்குடுத்தாங்களாம். பொம்பளைங்க எல்லாம் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்களாம். அய்யோ பாவம், இவ்வளவு பெரிய சாமிக்குத் தாயில்லையான்னு. யாருமில்லாத புள்ள ஒண்ணு வீட்டு வாசல்ல வந்து நின்னா நீங்க என்ன செய்வீங்க? எங்களுக்கு மனசு கேக்கலைங்க. எங்ககிட்ட ஒரு தாய் இருந்தா. அவ மடியில உக்காரவெச்சோம். வெளிச்சமா இருக்கையில அது வெளையாடுற புள்ள. களைச்சுப்போனா அவ அணைச்சு எடுத்துக்குவா. புள்ளையக் கும்புடுறியா, தாயக் கும்புடுறியான்னு கேட்டா நான் என்ன சொல்றது?”

அரசர் முதலில் வாய் திறந்தார். தம் பாட்டனார் மூழ்கடித்த கல்லை மீண்டும் எடுத்து நிறுத்தினால் ஏரி மக்களின் மனம் ஆறுமா என்று பரிவோடு வினவினார்.

வாளைத்திக்கு அந்த இடத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. “வேணாம் மகாராசா. அவ பேரே ஆழத்தா. மேட்டுல வெயில்ல நிக்கவெச்சிருந்தோம். ஒங்க பாட்டனாரு அவள அவ வீட்டுக்கே கொண்டுபோயி விட்டாரு. அதுக்காக எங்க ஊருல அவருக்கு வருசா வருசம் ஒரு கும்புடு போடுறோம், ஒங்களுக்குத் தெரியாது.”

அரசர் வாய்விட்டு நகைத்தார். அவையும் நகைத்தது. அடிகள் நகைக்கவில்லை. விளக்கை ஏற்றி வைக்கும்படி பணித்தார். அது தானே அணையும் வரை தாம் இருந்து காண வேண்டும் என்றார். வாளைத்தி குடத்து நீரைப் பாதிக்கு வார்த்து, அதன் மேல் எண்ணெய் விட்டு, திரியிட்டு நிறுத்தினாள். வெயிலன் தம் தீச்சட்டியிலிருந்து அதை ஏற்றினார். விதியைக் காக்கும் பணியில் உள்ள ஒருவர் நீர்மேல் தீ வைப்பது அதுவே முதன்முறை.

அரசர் உணவுக்கு எழுந்து போய் மீண்டும் வந்தார். அவையினர் பலர் தூணில் சாய்ந்தனர். அடிகள் மட்டும் இமைகொட்டாமல் அமர்ந்திருந்தார். பிற்பகலில் சுடர் சிறுத்தது, பக்கத்தில் நின்றவர்க்கு மட்டுமே கேட்கும்படி ஒருமுறை சீறியது, ஓய்ந்தது. புகை இல்லை, கருகல் நாற்றம் இல்லை. அடிகள் குனிந்து விளக்கின் பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

“அறுபது வருஷமா விளக்கு அணையிறதைப் பாத்துட்டு வரேன். எல்லாம் இருமி இருமித்தான் போகும். நாமளும் இருமிக்கிட்டே கும்பிடுவோம்” என்றார். பிறகு மிகத் தாழ்ந்த குரலில், “இது தூங்கிடுச்சு” என்றார்.

வாளைத்தி தன் முந்தானையால் விளக்கின் விளிம்பில் ஒட்டியிருந்த எண்ணெயைத் துடைத்தாள். வேண்டிக்கொள்ளவும் இல்லை, அழவும் இல்லை. அதைப் பார்த்தபடியே அடிகள் தம் முடிவைச் சொன்னார். சுடர் தன்னைத் தாங்கும் எதனாலும் தீட்டுப்படாது என்றும், ஏழடி விதி பயத்தில் பிறந்தது, பக்தியில் பிறந்ததன்று என்றும், அதைத் தாம் நீக்குவதாகவும், இவள்மேல் குற்றம் இல்லை என்றும் அவர் உரைத்தார். பாட்டைப் பற்றியும் ஒன்று சொன்னார். ‘தாயில்லாச் சுடரே’ என்பது முன்னோர் வாக்கு ஆதலின் அதை மாற்ற மாட்டார். ஆனால் அந்த அடிக்குப்பின் ஒரு மூச்சளவு இடம் விடப்படும். அந்த இடத்தில் யாருக்கு எந்தப் பெயர் நாவில் வருகிறதோ அதைச் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம்.

வெயிலன் அவைக்கு நடுவே வந்து, பதினோரு ஆண்டு தவறாக எழுதியதற்குத் தம்மைப் பணியினின்று நீக்க வேண்டினார். கண்ணுக்குத் தெரிந்ததை நம்பியது குற்றமன்று என்றும், அடியில் இருந்ததைக் கண்டபின் மறைக்காததே பணி என்றும் அரசர் மறுமொழி கூறி, அவரை அதே பணியில் நிறுத்தினார்.

ஆகவே கரைநாட்டுத் தலைவியார் அறிந்து செய்ய வேண்டிய அரச ஆணை இது. நாணல்திட்டு விளக்கை எவரும் உடைக்கலாகாது. வாளைத்தி தன் திட்டுக்கும் தன் பொறுப்புக்கும் திரும்பட்டும். அவள் வந்து சேரும் நாளில் துறையில் அவளை எதிர்கொள்ள நீங்களே செல்ல வேண்டும் என்று அரசர் விரும்புகிறார். ஆழத்தாள் என்னும் பெயரை இனி எவரும் எங்கும் வாய்விட்டுச் சொல்லலாம். கோடை தொடங்குமுன், விருப்பமுள்ள ஏரிப் பெண்கள் பதின்மரை மேட்டு ஊர்களுக்கு அனுப்புங்கள். நீர்மேல் விளக்கு வைக்கும் முறையை வீடுவீடாகக் காட்டட்டும். உலர்ந்த விளக்கே வேண்டும் என்பவரை வற்புறுத்த வேண்டாம். அவர்களிடமும் இரண்டு சொல் அன்பாகப் பேசிவிட்டு அடுத்த வீட்டுக்குச் செல்லட்டும்.

முத்திரையிடும் முன் இன்று காலை நிகழ்ந்த ஒன்றையும் சேர்க்கும்படி அரசர் கூறினார். விடியல் வழிபாட்டில் அடிகளே பாட்டைத் தொடங்கினார். ‘தாயில்லாச் சுடரே’ என்ற அடி முடிந்தது. சொன்னபடி நிறுத்தினார். கோயில் நிறைய மக்கள் நின்றிருந்தனர்; இந்நகரத்தார்க்கு அந்த இடத்தில் சொல்ல ஒரு பெயர் தெரியவில்லை. மூச்சளவு என்று சொல்லியிருந்த இடம் நீண்டது. அடிகள் அடுத்த அடிக்குப் போகவில்லை, கண்மூடிக் காத்திருந்தார். கூட்டத்தின் கடைசியில் வாளைத்தி தலைகுனிந்து நின்றிருந்தாள். பக்கத்தில் நின்ற வெயிலன் மெல்ல, “சொல்லும்மா, பெரியவரு காத்திருக்காரு” என்றார். அவள் பாடவில்லை, உரக்கவும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடுவது போல, “ஆழத்தா” என்றாள். அடிகள் கண்ணைத் திறந்து அடுத்த அடியைப் பாடினார்.

பெருங்கோவின் ஆட்சியாண்டு ஒன்பது, பனம்பூ மாதம், வளர்பிறை ஏழாம் நாள், அரசர் கண்முன் படித்துக்காட்டி, அரக்கில் தழல்முடி முத்திரை பொறித்துக் கட்டப்பட்டது. கொண்டுவருபவர் வெயிலன். வாங்குபவர் கையில் ஈரம் இருந்தாலும் குற்றமில்லை. ஆணைப்படி நடக்க. அனைவரும் நன்றாயிருக்க.